ஓடுற வண்டியில கை வைக்கலாம்!

“ஓடுற வண்டியில கை வைக்காதப்பா!”

தமிழ்நாட்டில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் ஓசியில் கிடைக்கும் அறிவுரை இது. கேட்க அனுபவசாலி பேச்சு மாதிரி இருக்கும். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். சும்மா ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிக் கெடுத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரின் டைமிங் செயின் சத்தம் போடும்போதும் இதையே சொல்கிறவர் அறிவுரை சொல்லவில்லை. அடுத்தவர் காசை வைத்துச் சூதாடச் சொல்கிறார்.

கடுமையாகத் தோன்றுகிறதா? முழுக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில், அந்தச் செயினுக்கு என்ன வேலை?

எஞ்சினில் கீழே கிராங்க்‌ஷாஃப்ட், மேலே கேம்ஷாஃப்ட். கீழே இருப்பது பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிறது. மேலே இருப்பது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல்கூடப் பிசகக் கூடாது. இந்த இரண்டையும் கட்டிப்போட்டிருப்பதுதான் டைமிங் செயின்.

செயின் தளர்ந்து சில பல் தாவிவிட்டால் என்ன ஆகும்? வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பிஸ்டன் மேலே வந்து முட்டும். டீசல் எஞ்சினில் காற்றை மிக இறுக்கமாக அழுத்தியாக வேண்டும், அதனால் பிஸ்டன் ஹெட்டுக்கு நூலிழை தூரம் வரை போய்த் திரும்புகிறது. அங்கே விட்டுக்கொடுக்க இடமே கிடையாது. வால்வு வளையும், ராக்கர் உடையும், நேரம் சரியில்லை என்றால் பிஸ்டனும் ஓட்டையாகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி அப்படியே அணைந்து பைபாஸ் ஓரத்தில் நிற்கும்.

பெல்ட்டுக்கு விளக்கு, செயினுக்கு?

சில எஞ்சின்களில் இதே வேலையை ரப்பர் பெல்ட் செய்கிறது. டாக்சிக்காரர்கள் கொண்டாடிய பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் பெல்ட்தான். அதை மாற்ற வேண்டிய நேரம் வந்தால் மீட்டரில் ‘டி-பெல்ட்’ என்று விளக்கே எரியும். விளக்கு எரிந்தால் எந்த டிரைவரும் வாக்குவாதம் செய்வதில்லை. கம்பெனி சொல்லிவிட்டது, மாற்றிவிடுகிறார்.

செயினுக்கு விளக்கு கிடையாது. பராமரிப்பு அட்டவணையில் பொதுவாகத் தனி வரியும் கிடையாது. “செயின் எஞ்சின் சார், லைஃப் டைம்!” என்று ஷோரூமில் சொல்வார்கள். யாருடைய லைஃப் டைம்? வண்டியுடையதா, வாரண்டியுடையதா, முதல் ஓனருடையதா? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்!

இந்தியாவில் இது ஏதோ ஒரு காரின் பிரச்சினை இல்லை. 2003-ல் ஃபியட் கொண்டுவந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1248 சிசி, நாலு சிலிண்டர், டைமிங் செயின். மாருதி அதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லினியா என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டதில் அதற்கு ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டப்பெயர் வந்தது. அருமையான எஞ்சின், அதில் சந்தேகமே இல்லை. மைலேஜ் கொடுத்தது, கால் டாக்சித் தொழிலையே தூக்கி நிறுத்தியது.

ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார்களையே விட்டுவிட்டது. அப்படியானால் இன்று மஞ்சள் போர்டு மாட்டி ஓடும் டீசல் டிசையர் ஒவ்வொன்றும் பழைய வண்டி. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்துவிட்டன. அந்தக் கை பெரும்பாலும் ஃபைனான்ஸ் வாங்கி, ட்யூ கட்டி, தானே ஓட்டிப் பிழைக்கும் ஒருவருடைய கை.

தேய்மானம் எங்கே நடக்கிறது?

‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறார்கள். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணிக்கும் சேர்த்துக் கூட்டினால் முழுசாக ஒரு மில்லிமீட்டர்! சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து குடம் நிரம்பும் கதைதான்.

எத்தனை சுற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி வேகம் 40 கி.மீ., எஞ்சின் சராசரியாக நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 2500 மணி நேரம், அதாவது 30 கோடி சுற்று. மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு 90 கோடி. ஒரு இஞ்ச்கூட நகராமல் ஏர்போர்ட் வாசலில் ஏ.சி. போட்டுக் காத்திருக்கும் நேரம் தனி. அந்த ஐடிலிங்கில் 800 சுற்று என்றாலும் மணிக்கு 48,000 சுற்று. தினமும் இரண்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 2.88 கோடி. மேலே சொன்ன விகிதத்தில் இது மீட்டரில் ஏறாத 9,600 கிலோமீட்டர்! கிலோமீட்டரை மட்டும் பார்த்து “இன்னும் வயசாகலை” என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்று இதிலேயே தெரியும்.

அடுத்தது ஆயில். டீசல் எரியும்போது வரும் கரி ஆயிலில் கலக்கிறது. ஆயில் பழசாகப் பழசாக அந்தக் கரித்தூள் உப்புத்தாள் மாதிரி பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதனால்தான் தேய்ந்த செயின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் ‘கடகட’ என்று உலுக்கும். இரவில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், அழுத்தம் ஏறும் வரை டென்ஷனர் தளர்ந்தே இருக்கும். அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்கும். ‘அடங்கிடுச்சு, ஒண்ணுமில்ல’ என்று டிரைவர் கிளம்பிவிடுகிறார். விளக்கு இல்லாத இந்தச் செயினுக்கு விளக்கு இந்தச் சத்தம்தான்.

சில ஒர்க்‌ஷாப்களில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கம்பெனி சொன்னதைவிடத் தடிமனான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கிவிடுவது. தீ எரியும்போது அலாரத்தைப் பிடுங்கி எறிவதற்குப் பெயர் ரிப்பேரா?

கணக்கில் வராத செலவு

இங்கேதான் பி.காம். முதல் வருடப் புத்தகம் உதவுகிறது. அக்ரூவல் கோட்பாடு என்று ஒன்று உண்டு. காசு கையை விட்டுப் போகும் நாள் செலவு நாள் அல்ல, பொருள் பயன்பட்டுத் தீரும் நாள்தான் செலவு நாள். செயின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தீர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே செலவு தினமும் நடக்கிறது. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வாடகைக்கு ஓடும் வண்டி சீக்கிரம் தேயும் என்பது சட்டத்துக்கே தெரியும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை சாதாரணக் காருக்கு 8 வருட ஆயுளும், வாடகைக்கு ஓடும் காருக்கு 6 வருட ஆயுளும் வைத்திருக்கிறது. ஒரு சொத்தின் முக்கியமான பகுதி தனி ஆயுளோடு இருந்தால் அதற்குத் தனியாகத் தேய்மானம் போடு என்றும் அதே அட்டவணை சொல்கிறது. விமான எஞ்சினுக்கும் உலைக்களத்துக்கும் இந்தப் பாடத்தை நடத்துகிறார்கள். தெருமுனையில் நிற்கும் டாக்சிக்கு யாரும் நடத்துவதில்லை.

டிரைவர் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்? அன்றைய வசூலில் டீசல், டோல், ட்யூ, சாப்பாடு போக மிச்சம் லாபம். அந்த லாபத்தில் ஒரு பங்கு லாபமே இல்லை. செயின், டயர், கிளட்ச் எல்லாம் கொடுத்த கடன் அது.

எவ்வளவு பெரிய கடன்? ஒரு கணக்குக்காக, செயின் வேலை முழுசாகச் செய்ய கூலியோடு 25,000 ரூபாய் ஆகிறது, செய்த பிறகு இரண்டு லட்சம் கிலோமீட்டர் கவலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைப் பைசா! ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 25 ரூபாய். ஒரு டீ, ஒரு வடைக் காசு. அதை ஒரு டப்பாவில் போட்டு வைக்காததால்தான் ஒரு நாள் மொத்தமாகக் கேட்கும்போது மலையாகத் தெரிகிறது.

சராசரி யாருக்கு?

“எல்லாச் செயினும் அறுந்துவிடுமா? எங்க மாமா வண்டி நாலு லட்சம் ஓடிச்சு, செயினைத் தொட்டதே இல்லை!”

இந்த வாதம் வராமல் எந்தப் பேச்சும் முடிவதில்லை. மாமா வண்டி ஓடியிருக்கலாம். ஓடிய வண்டிதான் கதை சொல்லும். அறுந்த வண்டி காயலாங்கடைக்குப் போய்விட்டது, அது வந்து பேசுமா?

சரி, வாய்ப்புக் கணக்கே போடலாம். இப்போதே மாற்றினால் 25,000 ரூபாய், மூன்று நாள் வருமானம் போச்சு. நாளுக்கு 1,200 என்றால் 3,600. மொத்தம் 28,600. மாற்றாமல் விட்டு அறுந்தால் ஹெட், வால்வு, ராக்கர், செயின் எல்லாம் சேர்த்து 80,000, பதினைந்து நாள் வருமானம் 18,000, மொத்தம் 98,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காத்திருப்பது லாபம், மேலே போனால் நஷ்டம்.

‘பார்த்தீர்களா, காத்திருக்கலாம்!’ என்று துள்ள வேண்டாம். முதலாவதாக, அறுந்தாலும் அறாவிட்டாலும் செயின் தேய்ந்தது தேய்ந்ததுதான். காத்திருப்பதால் அந்த 25,000 ரத்தாவதில்லை, தள்ளித்தான் போகிறது. இரண்டாவது, சத்தமே இல்லாத, ஆயில் ஒழுங்காக மாற்றிய எஞ்சினின் வாய்ப்பு வேறு. தினமும் காலையில் உலுக்கும் எஞ்சினின் வாய்ப்பு வேறு. ஸ்கேனரில் கேமும் கிராங்க்கும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 கோளாறு எண் வந்தபிறகு அது இன்னும் வேறு. (அப்போதும் சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பும் புண்ணியவான்கள் உண்டு.) சத்தம் கேட்ட பிறகும் ‘கை வைக்காதே’ என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். சராசரி என்பது நூறு வண்டி வைத்திருக்கும் டிராவல்ஸ் முதலாளிக்கு. நூறில் பத்து அறுந்தால் மீதித் தொண்ணூறு வண்டி சம்பாதித்து அதை ஈடுகட்டும். அவர் காத்திருக்கலாம், அவருக்கு அது தொழில். ஒரே வண்டி வைத்திருப்பவருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. ஒன்று அறுகிறது, அல்லது அறவில்லை. அறுந்தால் பதினைந்து நாள் வசூல் இல்லை, ட்யூ மட்டும் தேதி தவறாமல் வரும். இன்ஷூரன்ஸ் கொடுக்குமா? சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது. முழு பாரமும் அவர் தலையில். முதலாளி கணக்கை எடுத்து டிரைவருக்குச் சொல்வதுதான் ‘ஓடுற வண்டியில கை வைக்காதே’.

சூட்டோடு கைமாற்றுவது

இந்தத் தள்ளிப்போடும் விளையாட்டில் கடைசியாக மாட்டுபவர் யார்? கம்பெனி வாரண்டி முடிந்ததும் விலகிக்கொள்கிறது. முதல் ஓனர் நல்ல வருடங்களை ஓட்டிவிட்டு விற்கிறார். சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இரண்டாவது ஓனர் விற்கிறார். ஆள் வருவதற்கு அரை மணி முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கும் புரோக்கர்கள் உண்டு. சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தம் ஏற்கெனவே வந்திருக்கும், காலைச் சத்தம் வெளியே தெரியாது. பளபளவென்று கழுவிய எஞ்சின், ‘ஸ்மூத்தா இருக்கு பாருங்க’ என்ற வசனம், அட்வான்ஸ் கைமாறுகிறது.

எஃப்.சி. எடுக்கப் போனால் பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். மூடிக்குள் இருக்கும் செயினை யாரும் பார்ப்பதில்லை. வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: விடிகாலையில், முந்தைய இரவு முழுக்க நின்ற வண்டியை, பானட்டைத் தொட்டு ஜில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, தன் காதால் கேட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

பணக்கார வண்டிக்கும் இதே விதிதான். பி.எம்.டபிள்யூ-வின் என்47 என்ற 2.0 லிட்டர் டீசல் 2007-ல் வந்தது. அதில் செயினை கியர்பாக்ஸ் பக்கமாக வைத்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் தேய்ந்து அறுந்த புகார்கள் ஐரோப்பாவில் பெயர்பெற்றவை. ‘மாற்றவே வேண்டாம்’ என்று நினைத்து வடிவமைத்ததை மாற்ற வேண்டி வரும்போது செலவு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

அரைகுறை வேலை

மாற்ற ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த கஞ்சத்தனம் ஆரம்பிக்கும். ‘செயின் மட்டும் போடு, மீதி நல்லாத்தான் இருக்கு.’

பைக் வைத்திருக்கும் எந்தக் கல்லூரி மாணவனையும் கேளுங்கள். செயின் போனால் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டாகத்தான் மாற்றுவான். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தப் பல்லே புதுச் செயினைத் தின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதே ஆள் கார் என்று வந்ததும் மறந்துவிடுகிறான்!

செயின், டென்ஷனர், கைடுகள், மேலே கீழே ஸ்ப்ராக்கெட், சீல், புது ஆயில், ஃபில்டர். இது எல்லாம் சேர்ந்ததுதான் வேலை. கைடின் பிளாஸ்டிக் உடைந்திருந்தால் துண்டுகள் ஆயில் சம்ப்பில் கிடக்கும், ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். அதையும் இறக்கிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் செயின் புதுசு, பேரிங் காலி. பில்லில் கனமாக இருப்பது பெரும்பாலும் கழற்றி மாட்டும் கூலிதான். டென்ஷனரில் மிச்சம் பிடித்தவர் அதே கூலியை இரண்டாம் முறை கொடுப்பார்.

இன்னொன்று, மார்க்கர் பேனாவால் குறிபோட்டு மாட்டுவது. கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் லாக்கிங் டூல் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. மாட்டி முடித்ததும் சாவியைத் திருகாமல், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை, குறிகள் மறுபடி சேர்கின்றன என்று பார்க்கும் மெக்கானிக்தான் மெக்கானிக்.

நியாயமான ஒரு மறுப்பு

எல்லா வண்டிக்கும் இந்தச் செலவு தகுமா? தகாது. பாடி துருப்பிடித்து, டர்போவும் இன்ஜெக்டரும் போய், அடுத்த எஃப்.சி.க்கே தாங்காத வண்டியில் 25,000 போடுவது முட்டாள்தனம். ‘ஏற்கெனவே இவ்வளவு செலவு பண்ணிட்டோமே’ என்பது காரணமே இல்லை, போன காசு போனதுதான். அந்த வண்டியைச் சத்தம் உட்பட எல்லாவற்றையும் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றுவிடலாம். விலை குறையும். குறையட்டும், அதுதான் அந்த வண்டியின் உண்மையான விலை. எஞ்சினைச் சூடாக்கிக் கூடுதலாக வாங்கும் பணம் அடுத்த டிரைவர் வீட்டு அரிசிப் பணம்.

ஆக, செய்ய வேண்டியது மூன்றே மூன்று. கார் கம்பெனிகள் ‘லைஃப் டைம்’ என்ற மழுப்பலை விட்டுவிட்டு, செயினை எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மணி நேரத்தில் சோதிக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி அச்சிட வேண்டும். பழைய டீசல் வண்டி விற்பவர் செயின் எப்போது மாற்றப்பட்டது என்ற பில்லைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஓட்டுபவர் ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றி, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைப் பைசாவை எடுத்து வைக்க வேண்டும்.

முதல் இரண்டும் நடக்க எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. மூன்றாவது நாளைக் காலையே நடக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, முதல் ஸ்டார்ட்டைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் போதும்.